வைக்கோல் முகமூடி போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குள்ள வந்தவங்க யாரு? (அயர்லாந்து, கிளேர் பக்கம்)

ஈரக்குடை:
எல்லாருக்கும் வணக்கம். நான் என்னிஸ் டவுனுக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. கூட வேலை பாக்குற பொண்ணுக்கு போன சனிக்கிழமை கல்யாணம், கோரோஃபின் தாண்டி ஒரு சின்ன ஊரு, சர்ச்சுல மாஸ் முடிஞ்சதும் எல்லாரும் ஹோட்டலுக்குப் போனோம், சூப்பு, பீஃப் இல்லாட்டி சால்மன், அப்புறம் ஸ்பீச்சு, அதுவரைக்கும் நான் நினைச்ச மாதிரிதான் போச்சு. ராத்திரி 10.30 இருக்கும், பேண்டுக்காரங்க திடீர்னு நிறுத்திட்டாங்க. கதவைத் திறந்துக்கிட்டு எட்டு பேரு உள்ள வந்தாங்க, தலையிலேர்ந்து தோள் வரைக்கும் வைக்கோல்ல பின்னின கூம்பு, மூஞ்சியே தெரியல, மேல வெள்ளை சட்டை, இடுப்புல வைக்கோல் பாவாடை மாதிரி ஒண்ணு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. கூட ஒருத்தர் கான்சர்ட்டினா (கையால அமுக்கி இழுத்து வாசிக்கிற சின்னப் பெட்டி) வாசிச்சுக்கிட்டே வந்தாரு. அதுல முன்னாடி வந்தவரு நேரா பொண்ணுகிட்ட போய் கையை நீட்டினாரு, அவ எந்திரிச்சு அவரோட ஆடினா, மத்தவங்க டேபிள் டேபிளா போய் பொம்பளைங்களைக் கூப்பிட்டு ஆடினாங்க, என்னையும் ஒருத்தர் இழுத்துட்டுப் போயிட்டாரு, எனக்கு ஒரு ஸ்டெப்பும் தெரியாது, சுத்தி விட்ட சுத்துல தலை கிறுகிறுன்னு ஆயிடுச்சு. மொத்தமே கால் மணி நேரம்தான். ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சாங்க (முகமூடியை லேசா தூக்கி), வந்த வழியே போயிட்டாங்க. தரை பூரா வைக்கோல்.

அந்த முதல் ஆளோட கையை நான் கிட்டத்துல பாத்தேன். உழைச்ச கை, வலது கை மோதிர விரல் பாதிதான் இருந்துச்சு. அவளோட கையை அப்படி பத்திரமா பிடிச்சிருந்தாரு. அவ கண்ணு கலங்கி இருந்துச்சு. யாரு இவங்க, எதுக்கு வராங்கன்னு பக்கத்துல இருந்தவங்களைக் கேட்டா "ஸ்ட்ராபாய்ஸ், லக்குக்கு வருவாங்க"ன்னு அதோட முடிச்சுட்டாங்க. இங்க ரொம்ப வருஷமா இருக்குறவங்க யாராவது விளக்கமா சொல்லுங்களேன்.

நைட்_டூட்டி:
நீ பாத்தது பெரிய பாக்கியம்மா. நான் கிளேர்ல ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸா 14 வருஷமா இருக்கேன், எங்ககிட்ட இருக்குற பெரியவங்ககிட்ட கல்யாணப் பேச்செடுத்தா முதல்ல வர்றதே ஸ்ட்ராபாய்ஸ் கதைதான். அந்தக் காலத்துல கல்யாண விருந்து பொண்ணு வீட்டுல நடக்கும், சின்ன வீடு, ஊரு முழுக்க கூப்பிட முடியாது. கூப்பிடாத வாலிபப் பசங்க வைக்கோலைக் கட்டிக்கிட்டு ராத்திரி வந்து நிப்பாங்க. அவங்களுக்கு ஒரு கேப்டன், அவருதான் பொண்ணோட முதல்ல ஆடணும். யாருன்னு தெரியக் கூடாது, அதனாலதான் பேச மாட்டாங்க, பேசினாலும் குரலை மாத்திப் பேசுவாங்க. ஆடிட்டு, ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, வாழ்த்திட்டுப் போயிடுவாங்க. அவங்க வராத கல்யாணம் ராசி இல்லாத கல்யாணம்னு நினைப்பு. கதவைத் திறக்காம அவமானப்படுத்தின வீட்டுல ராத்திரியோட ராத்திரியா ஏதாவது குறும்பு பண்ணிட்டுப் போனதும் உண்டு, வண்டிச் சக்கரத்தைக் கழட்டி வச்ச கதை நானே ரெண்டு பேர்கிட்ட கேட்டிருக்கேன்.

கிளேர் மட்டும் கிடையாது, மேயோ, ஸ்லைகோ, கெர்ரி, லிமரிக், வடக்க ஃபெர்மனா வரைக்கும் இருந்திருக்கு. மேயோவுல காசில்பார் பக்கம் டர்லோ பார்க்குல நாட்டுப்புற வாழ்க்கை மியூசியம் ஒண்ணு 2001ல திறந்தாங்க, அங்க போனா வைக்கோல்ல என்னென்ன பண்ணியிருக்காங்கன்னு பாக்கலாம், ஒரு நாள் ஒதுக்கிப் போய்ட்டு வா.

கடலைமிட்டாய்:
இப்பல்லாம் ஸ்ட்ராபாய்ஸ் ட்ரூப்பை காசு கொடுத்து புக் பண்றாங்க, என் ஃப்ரெண்டு கல்யாணத்துல அப்படித்தான் வந்தாங்க. ஃபோட்டோகிராஃபர் மாதிரி அதுவும் பேக்கேஜ்ல ஒண்ணு. அக்கா பாத்ததும் அதுவாத்தான் இருக்கும்.

அப்புறம் நான் டப்ளின்ல இருக்கேன், அடுத்த வருஷம் என் ஐரிஷ் கேர்ள்ஃப்ரெண்டோட கல்யாணம், அதனால நிறைய படிச்சுக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேரு கையையும் ரிப்பன்ல சேர்த்துக் கட்டுற ஹேண்ட்ஃபாஸ்டிங் இருக்கே, அதுதான் ரெண்டாயிரம் வருஷப் பழைய கெல்ட்டிக் கல்யாணம்னு எல்லா சைட்லயும் போட்டிருக்கு, நாங்க அதைத்தான் வைக்கலாம்னு இருக்கோம். கிளாடா மோதிரமும் வாங்கியாச்சு.

ஏட்டுக்கட்டு:
முதல்ல வாழ்த்துக்கள் தம்பி. கையைக் கட்டிக்கிறது நல்லாத்தான் இருக்கும், தாராளமா வைங்க. ஆனா அதை ரெண்டாயிரம் வருஷம்னு நம்பி கார்டுல அடிச்சுடாதீங்க. இங்க அதுக்குக் கிட்டத்துல வர்றது மீத் கவுண்டி டெல்டவுன் கதைதான். ஆகஸ்ட் மாச லூனசாங்கிற அறுவடைத் திருவிழாவுக்குக் கூட்டம் கூடுற இடம் அது. 1830கள்ல நில அளவை வேலையா ஊர் ஊரா சுத்தின ஜான் ஓ'டோனவன்ங்கிற அறிஞர் அங்க உள்ள ஜனங்க சொன்னதை எழுதி வச்சிருக்கார். சுவத்துக்கு ரெண்டு பக்கமும் ஆணும் பொண்ணும் நிப்பாங்க, நடுவுல கதவுல ஒரு ஓட்டை, அது வழியா கையைக் கோத்துக்கிட்டா ஒரு வருஷத்துக்குக் கல்யாணம். பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் அதே இடத்துக்கு வந்து முதுகோட முதுகு நின்னு ஒருத்தர் வடக்கயும் ஒருத்தர் தெக்கயும் நடந்து போயிட்டா முடிஞ்சுது. அது அந்த ஊர்க்காரங்க நினைவுல இருந்த கதை. ரிப்பன், மெழுகுவத்தி, மந்திரம் மாதிரி வாசகம் இதெல்லாம் சமீபத்துல சேர்ந்தது. 2013லேர்ந்து ஹியூமனிஸ்ட் (மதம் சாராத) கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் வந்துச்சு, அதுக்கப்புறம்தான் இது இவ்வளவு பரவினது.

கிளாடா மோதிரம் நிஜமாவே ஊரோட சேர்ந்தது. கால்வே டவுனை ஒட்டி இருந்த மீனவர் குப்பம்தான் கிளாடா, ரெண்டு கை ஒரு இதயத்தைத் தாங்கி நிக்கும், மேல கிரீடம், 17ஆம் நூற்றாண்டுலேர்ந்து இருக்கு. அம்மா மகளுக்குக் குடுக்கிற மோதிரம் அது. உங்க வருங்கால மாமியார்கிட்ட ஒண்ணு இருக்கான்னு கேட்டுப் பாருங்க, கடையில வாங்கினதை விட அது பெருசு.

நான் வருத்தத்தோட சொல்ற ஒரு விஷயம், இப்படி விக்கிற கெல்ட்டிக் கதையில கிராமத்து ஜனங்க நிஜமா எப்படிக் கல்யாணம் பண்ணாங்கங்கிறது மறைஞ்சு போகுது. அவங்க கல்யாணம் பூராவும் நிலத்தைச் சுத்தித்தான் நடந்துச்சு. சாமான்ய ஜனங்க வாயாலயே அதைக் கேக்கணும்னா 1937லேர்ந்து 1939 வரைக்கும் 5,000 பள்ளிக்கூடத்துக்கு மேல பிள்ளைங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு நோட்டுல எழுதினது இருக்கு, மொத்தம் 740,000 பக்கம் கிட்ட, டூஹஸ்ங்கிற தளத்துல கவுண்டி வாரியா போட்டிருக்காங்க. கல்யாணப் பழக்கம்னே அதுல தனித் தலைப்பு. ஒரு பதினொரு வயசுப் பிள்ளை "எங்க தாத்தா சொன்னார்"னு ஆரம்பிச்சு எழுதியிருக்கிறதை அதோட கையெழுத்துலயே படிக்கிறப்போ அப்படி ஒரு நெருக்கம் வரும்.

ஈரக்குடை:
ரொம்ப நன்றி அண்ணா. நிலத்தைச் சுத்தின்னா என்ன, வரதட்சணையா? அங்கயுமா?

கடலைமிட்டாய் சொன்னது கொஞ்சம் கஷ்டமா இருக்கு. புக் பண்ணி வந்தவங்கன்னா அவ ஏன் அழுதா? திங்கக்கிழமை ஹனிமூன் முடிஞ்சு வருவா, கேட்டு சொல்றேன்.

நைட்_டூட்டி:
வரதட்சணைதான்மா. "ஃபார்ச்சூன்"னு சொல்லுவாங்க, ஐரிஷ் பாஷையில ஸ்ப்ரே, அதுக்குப் பழைய அர்த்தமே மாடு கன்னுதான்னு சொல்றாங்க. எங்ககிட்ட ஒரு அம்மா இருந்தாங்க, போன வருஷம் தவறிட்டாங்க, 1956ல கல்யாணம். அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன், ஏன்னா நைட்ல தூக்கம் வராதப்ப இதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்காங்க.

மாப்பிள்ளை வீட்டுக்காக ஒரு ஆள் வந்து பேசுவாரு, தரகர்னா தொழில் தரகரா இருக்கணும்னு இல்ல, வாய்ச்சாலகம் உள்ள பக்கத்துக்காரரா இருப்பாரு. அவரு பொண்ணு வீட்டுல ஒரு பாட்டிலோட வந்து உக்காந்து, மழையைப் பத்தி பேசி, மாட்டு விலையைப் பத்தி பேசி, கடைசியில விஷயத்துக்கு வருவாரு. ஒத்து வந்தா அடுத்தது "நிலத்தை நடக்குறது". பொண்ணோட அப்பா மாப்பிள்ளை வீட்டு நிலத்தை முழுசா காலால நடந்து பாக்கணும். இந்த அம்மாவோட அப்பா பூட்ஸை மாட்டிக்கிட்டு காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நடந்தாராம். கோரை மண்டியிருந்தா தண்ணி நிக்கிற நிலம்னு அர்த்தம், கிணறு எவ்வளவு தூரம், ரோடு எவ்வளவு தூரம், மாடு எத்தனை, எல்லாம் கணக்கு. மாடு கம்மியா இருக்குற வீட்டுல அன்னைக்கு மட்டும் பக்கத்து வீட்டு மாட்டை ஓட்டிட்டு வந்து மேய விட்டிருப்பாங்களாம், அதனால இவரு மாட்டோட முகத்தைப் பாத்தாராம், புது இடத்துல நிக்கிற மாடு வேலியோரமா ஒதுங்கி வழி தேடும்னு அவருக்குத் தெரியுமாம்.

அப்புறம் ஃபார்ச்சூன் பேரம், 300 பவுண்டு கேட்டு 250ல நின்னுச்சு. வக்கீல் ஆபீஸ்ல எழுத்து, அதை "ரைட்டிங்ஸ்"னே சொல்லுவாங்க. அந்த எழுத்துல என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க? நிலம் மகன் பேருக்கு வரும், அப்பா அம்மாவுக்கு வீட்டோட மேற்கு ரூமு, ஒரு மாடு மேயிற அளவு புல்லு, அடுப்பெரிக்க டர்ஃப் (சதுப்பு நிலத்துல வெட்டிக் காய வச்ச மண்கட்டி), இத்தனை வரப்பு உருளைக்கிழங்கு, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக வண்டியில ஒரு இடம். வண்டியில இடம்கூட எழுதி வாங்கியிருக்காங்க பாருங்க. அந்த 250 பவுண்டும் இவங்க கையில நிக்கல, புருஷனோட தங்கச்சிக்கு ஃபார்ச்சூனா போயிடுச்சு, அது அவ புருஷனோட தங்கச்சிக்குப் போயிருக்கும். எழுத்து முடியற வரைக்கும் அவரை ரெண்டே தரம்தான் பாத்தேன்னு சொல்லுவாங்க. கல்யாணத்தன்னைக்கு ராத்திரி புது வீட்டு வாசல்ல மாமியார் நின்னு ஓட்ஸ் ரொட்டியை இவங்க தலைக்கு மேல உடைச்சாங்களாம், பழைய வழக்கம். பொடி தலைமுடியில ஒட்டிக்கிட்டு ரெண்டு நாள் போகலன்னு சொல்லும்போது தலையைத் தொட்டுப் பாத்துப்பாங்க, தொண்ணூறு வயசுல.

புல்வெளி:
நான் டிப்பரரியில ஒரு பால் பண்ணையில வேலை பாக்கறேன், முதலாளி வீட்டுல இந்த மாதிரி ஒரு எழுத்து ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க, தாத்தாவுக்கு "கிராஸ் ஆஃப் எ கவ்"னு அதுல நிஜமாவே இருக்கு, நான் வாசிச்சேன்.

இதைக் கொடுமைன்னு மட்டும் பாக்காதீங்கன்னு நான் சொல்லுவேன். 1845க்கு முன்னாடி ஏழை ஜனங்க சீக்கிரமாவே கல்யாணம் பண்ணாங்க, இருக்குற துண்டு நிலத்தை மகனுங்களுக்குப் பிரிச்சு பிரிச்சுக் கொடுத்தாங்க, உருளைக்கிழங்கு போட்டா ஒரு ஏக்கர் சொச்சத்துல ஒரு குடும்பம் பிழைச்சுடும். அந்தக் கிழங்கு அழுகினதும் பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் கப்பல் ஏறினாங்க. அதைக் கண்ணால பாத்த தலைமுறை இனி நிலத்தைப் பிரிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணிடுச்சு. ஒரே மகனுக்கு நிலம், ஒரே மகளுக்கு ஃபார்ச்சூன், மிச்ச பிள்ளைங்க பாஸ்டன், லிவர்பூல், இல்லன்னா கன்னிமாடம். மேற்கு ரூம் எழுத்துங்கிறது வயசானவங்க தெருவுல நிக்காம இருக்கறதுக்குத்தானே? அந்த வகையில அது ஒரு பாதுகாப்பு.

ஏட்டுக்கட்டு:
வயசானவங்களுக்குப் பாதுகாப்பு, சரி. அந்தப் பொண்ணுக்கு என்ன பாதுகாப்பு? அவ அப்பா கொடுத்த பணம் நாத்தனாருக்குப் போயிடுச்சு. 1965 வாரிசுச் சட்டம் வர்ற வரைக்கும் புருஷன் உயில்ல நிலத்தை யாருக்கு வேணா எழுதலாம், பொண்டாட்டிக்கு ஒரு அடிகூட கொடுக்காம போகலாம். அந்தச் சட்டம்தான் பிள்ளைங்க இருந்தா மூணுல ஒரு பங்கு, இல்லாட்டி பாதின்னு அவளுக்கு உறுதி பண்ணுச்சு. ஒத்து வரலைன்னா விலகலாம்னு வழியும் கிடையாது, 1937 அரசியல் சட்டத்துல விவாகரத்துக்கே தடை, அது நீங்கினது 1995 வாக்கெடுப்புல, அதுவும் வெறும் 9,114 ஓட்டு வித்தியாசத்துல. ரெண்டு தரம் பாத்த ஆளோட நாப்பது அம்பது வருஷம். நல்ல ஆளா அமைஞ்சா நல்ல வாழ்க்கை, அமையலைன்னா அந்த அடுப்படியில அழுதுட்டு அடுத்த வேலையைப் பாக்கணும். பஞ்சம் காரணம்னு புரிஞ்சுக்கறேன் புல்வெளி, ஆனா அதோட விலையை யார் கொடுத்தாங்கன்னும் சேர்த்தே சொல்லணும்.

புல்வெளி:
ஒத்துக்கறேன் அண்ணா. நான் பண்ணைக் கணக்கை மட்டும் யோசிச்சுட்டேன். அந்த ஃப்ரேம்ல பொண்ணோட கையெழுத்து இருந்த மாதிரி ஞாபகம் இல்ல, அவங்க அப்பாதான் போட்டிருக்காரு. நாளைக்குப் போய் திரும்பப் பாக்கறேன்.

ஓமா_வாசி:
நான் வட அயர்லாந்திலை, டைரோன் கவுண்டியிலை ஓமாவுக்குக் கிட்ட இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்சை தெற்குப் பக்கம் மாதிரி இல்லை, வேறை விதமான பழக்கங்களும் இருக்குது. முந்தி சேர்ச்சிலை கலியாணம் முடிஞ்ச உடனை இளம் பெடியள் குதிரையிலை ஏறி பொம்பிளை வீட்டுக்கு ஓட்டப் போட்டி வைப்பாங்களாம், முதல் போய்ச் சேருறவனுக்கு ஒரு போத்தல் விஸ்கி, அதைக் கொண்டு திரும்பி வந்து ஊர்வலத்துக்குக் குடுப்பானாம். வழியிலை கயிறு கட்டி மறிச்சுக் காசு கேக்கிறது, துவக்கு வெடி வைக்கிறது எல்லாம் நடந்திருக்குது.

இப்பவும் நடக்கிறது "பிளாக்கனிங்". எனக்குப் பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னம் கூட்டாளியள் பிடிச்சுக் கொண்டுபோய் மா, முட்டை, கறுத்தச் சீனிப்பாணி எல்லாம் தலையிலை ஊத்தி, டிராக்டர் பெட்டியிலை கட்டி வைச்சு ஊர் சுத்தினவங்கள். முதல் பாக்கேக்கை எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு, எங்கடை ஊரிலை நாங்கள் கண்டதுகளுக்கு ஒரு ஆளை வாகனத்திலை கட்டிக் கொண்டுபோறதைப் பாத்தால் வேறை நினைவுதான் வரும். பிறகு அவன்ரை தாய் வாசல்லை நிண்டு சுடுதண்ணியும் துவாயும் வைச்சுக்கொண்டு சிரிச்சதைக் கண்டாப் பிறகுதான் மூச்சு வந்தது. ஸ்கொட்லாந்திலையும் இது இருக்குது.

கடலைமிட்டாய்:
ஐயோ அண்ணா, எனக்கு இதெல்லாம் பண்ணிடுவாங்களா? அவ சொந்தக்காரங்க கெர்ரியில.

ஓமா_வாசி:
கெர்ரி எண்டால் பயப்பிடாதையும் தம்பி, அது வடக்குப் பக்கத்துப் பழக்கம்.

நைட்_டூட்டி:
கெர்ரின்னதும் ஞாபகம் வருது. கல்யாணம் எந்த மாசம் வைக்கப் போறீங்க தம்பி? மே மாசத்துல வைக்காதீங்கன்னு அவங்க பாட்டி கண்டிப்பா சொல்லுவாங்க. முன்னெல்லாம் கிராமத்துல கல்யாண சீசன்னா ஷ்ரோவ்தான், பொங்கல் முடிஞ்சு தவக்காலம் தொடங்குறதுக்குள்ள வர்ற அந்தக் கொஞ்ச நாளு. தவக்காலத்துல கத்தோலிக்க சர்ச்சுல அப்பல்லாம் கல்யாணம் கிடையாது (எங்க நாகர்கோவில் பக்கமும் அப்படித்தான், எனக்கு விளக்கம் தேவைப்படல), பண்ணை வேலையும் அப்ப கம்மி. சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒரே சர்ச்சுல வரிசையா கல்யாணம் நடக்கும். அன்னைக்கும் ஆகலைன்னா இனி அடுத்த வருஷம்தான்.

ஏட்டுக்கட்டு:
அதுலேர்ந்து வந்ததுதான் ஸ்கெல்லிக் கதை. கெர்ரி கரையிலேர்ந்து சுமார் 12 கிலோமீட்டர் கடலுக்குள்ள ஸ்கெல்லிக் மைக்கேல்னு செங்குத்தா ஒரு பாறைத் தீவு, ஆதிகாலத் துறவிங்க கல்லால கட்டின குடில் இன்னைக்கும் இருக்கு. அங்க பழைய காலண்டர்படி தவக்காலம் தாமதமா தொடங்குதுன்னு ஒரு நம்பிக்கை. அதனால ஷ்ரோவ் முடிஞ்சும் கல்யாணம் ஆகாதவங்களைப் பாத்து "நீ ஸ்கெல்லிக்குக்குப் போ, அங்க இன்னும் நேரம் இருக்கு"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. வெறும் பேச்சோட விடல, கார்க், கெர்ரி பக்கம் ஊர்ல உள்ள கல்யாணமாகாத ஆம்பளை பொம்பளை பேரை ஜோடி ஜோடியா சேர்த்துப் பாட்டு கட்டி, அச்சடிச்சுக்கூட வித்திருக்காங்க, ஸ்கெல்லிக் லிஸ்ட்டுன்னு பேரு. தவக்காலத்து முதல் ஞாயிறு சாக் சண்டே, பூசைக்குப் போற கல்யாணமாகாதவங்க முதுகுல பசங்க சாக்பீஸால கோடு போட்டுடுவாங்க. மேற்குப் பக்கம் உப்புத் திங்கள்னு அவங்க மேல உப்பைத் தூவுறதும் இருந்துச்சு, அடுத்த ஷ்ரோவ் வரைக்கும் கெடாம இருக்கட்டும்னு.

நைட்_டூட்டி:
சாக் சண்டே பத்தி நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எங்ககிட்ட ஒரு பெரியவர் இருந்தாரு, அவரு பேரு ஊரு எதுவும் வேண்டாம். சின்னப் பையனா இருக்கும்போது, 1940 வாக்குல, சொந்த மாமா முதுகுலயே சாக்பீஸ் போட்டிருக்காரு. அப்பாவோட வீட்டுலயே இருந்த தாய்மாமா, நாப்பத்தஞ்சு வயசு, இவரைத் தோள்ல தூக்கி வளர்த்தவரு. பையனுங்க எல்லாம் பண்றாங்கன்னு இவரும் பண்ணிட்டாரு. பூசை முழுக்க அந்த மாமா அந்தக் கோட்டோட முன்வரிசையில முழங்கால் போட்டிருந்தாராம், பின்னாடி சிரிப்பு. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினப்பதான் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. இவரோட அம்மா பிரஷ் எடுத்து வந்து, தம்பியோட கோட்டை, ரொம்ப நேரம், கோடு போன பிறகும் துடைச்சுக்கிட்டே இருந்தாங்களாம்.

அப்புறம் இவருக்கும் கல்யாணம் ஆகல. நிலம் அப்பா பேர்ல இருந்துச்சு, அவரு எழுதிக் கொடுக்கல, எழுதாம பொண்ணு வராது. இங்க நிலம் கைக்கு வராத வரைக்கும் எத்தனை வயசானாலும் "பாய்"தான், அதாவது சின்னப் பையன். இவருக்கு நிலம் வந்தப்ப வயசு 52. அதுக்குள்ள அவரு பேச நினைச்ச பொண்ணு லண்டன் போய் பேரப்பிள்ளை எடுத்துட்டாங்க. "எங்க ஊர்ல வாத்தியார் பாய்னு கூப்பிட்டாரு, பாதிரியார் பாய்னு கூப்பிட்டாரு, அப்பா சாகுற வரைக்கும் பாய்னு கூப்பிட்டாரு"ன்னு ஒரு தரம் சொன்னாரு. சாகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சாக்பீஸைத்தான் சொன்னாரு. மத்ததெல்லாம் அவரு மன்னிச்சுட்டாரு, அதை மட்டும் தன்னை மன்னிக்கல.

ஏட்டுக்கட்டு:
படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன் அக்கா. எழுதினதுக்கு நன்றி. நான் மேல வேடிக்கைப் பழக்கம் மாதிரி அடுக்கிட்டுப் போயிட்டேன், மன்னிக்கணும்.

புல்வெளி:
எங்க முதலாளியோட சித்தப்பா ஒருத்தர் அப்படித்தான் தனியா இருக்காரு, 78 வயசு. டிராக்டர் இன்னும் ஓட்டுவாரு. வருஷா வருஷம் செப்டம்பர்ல லிஸ்டூன்வார்னா போவாரு, கிளேர்லதான் இருக்கு, ஒரு மாசம் முழுக்க ஜோடி சேக்குற திருவிழா. கந்தக ஊத்துக்குக் குளிக்க வந்த ஊரு அது, அறுவடை முடிஞ்சு கையில காசோட விவசாயிங்க வருவாங்க, அப்படியே பொண்ணு பேசுறதும் அங்க ஆரம்பிச்சிருக்கு. வில்லி டேலின்னு பரம்பரைத் தரகர் ஒருத்தர் அங்க பேர் போனவரு, அவர்கிட்ட ஒரு பழைய தடிப்புஸ்தகம், கண்ணை மூடி ரெண்டு கையாலயும் அதைத் தொட்டா ஆறு மாசத்துக்குள்ள காதல் வரும்பாங்க. சித்தப்பா ஆடுறதுக்குத்தான் போறேன்னு சொல்லுவாரு. நல்ல சூட்டு, ஷூவை ராத்திரியே துடைச்சு வச்சுடுவாரு. மேல அக்கா எழுதினதைப் படிச்சப்புறம் அந்த ஷூ ஞாபகம் வந்துச்சு.

கடலைமிட்டாய்:
என் ஆளுகிட்ட இந்த இழையை மொழிபெயர்த்துச் சொன்னேன், அவளோட பாட்டியோட கல்யாணமும் பேசி முடிச்சதுதானாம், இதுவரைக்கும் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசினதில்லையாம். பாட்டிகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணி கேக்கப் போறா. கல்யாணம் ஜூன்ல வச்சுட்டோம். பாட்டி ஏற்கனவே முந்தின ராத்திரி குழந்தை இயேசு சிலையைத் தோட்டத்துல புதருக்கு அடியில வைக்கணும்னு சொல்லிட்டாங்களாம், மழை வராம இருக்க.

நைட்_டூட்டி:
பிராக் நகரத்துக் குழந்தை இயேசு, "சைல்ட் ஆஃப் பிராக்". அதை இங்க எல்லா வீட்டுலயும் பண்ணுவாங்க தம்பி. சிலையோட தலை உடைஞ்சிருந்தா இன்னும் விசேஷம், ஆனா தானா உடைஞ்சிருக்கணும், நாம உடைக்கக் கூடாது. பாட்டி வீட்டுல இருக்கிறதுல கண்டிப்பா ஒட்டுப் போட்ட கழுத்து இருக்கும் பாருங்க.

ஈரக்குடை:
எல்லாருக்கும், அவ திங்கக்கிழமை வந்துட்டா, மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன்.

ட்ரூப் எதுவும் புக் பண்ணலையாம். ஹோட்டல்ல 150 பேருக்குத்தான் இடம், ரெண்டு பக்கமும் சொந்தத்துக்கே சரியா போச்சு, அவங்க ரோட்டுல இருக்குற பல வீட்டைக் கூப்பிட முடியல, அதுல அவளுக்கு ரொம்ப மனக்கஷ்டம் இருந்திருக்கு. பின்னேரத்துக்கு மட்டும் கூப்பிடுற "ஆஃப்டர்ஸ்"ல சிலரைக் கூப்பிட்டிருக்கா, அவரு மட்டும் எனக்கு வேண்டாம்மா, மாடு கறக்கணும்னு சொல்லிட்டாராம். யாருன்னா, அந்தப் பாதி விரல் ஆளுதான். பக்கத்து வீட்டுக்காரரு, கல்யாணம் ஆகாதவரு. அவ அப்பா ஆஸ்பத்திரியில கிடந்த வருஷம் பூராவும் இவங்க வீட்டு மாட்டையும் சேர்த்து அவருதான் கறந்திருக்காரு, ஒரு நாள்கூட பேசிக்காட்டல. மெஷின்ல விரல் போனது அவ ஸ்கூல் படிக்கும்போது. கதவு திறந்து முதல்ல கையை நீட்டினப்பவே தெரிஞ்சிடுச்சாம். பேரைச் சொல்லக் கூடாது, சொன்னா முகமூடிக்கு அர்த்தம் இல்ல, அதனால கையை மட்டும் இறுக்கிப் பிடிச்சேன்னு சொன்னா. அவரும் ரெண்டு தரம் அழுத்தினாராம். மறுநாள் காலையில இவங்க கிளம்பும்போது அவரு வேலியோரமா வழக்கம்போல தொப்பியைத் தொட்டுட்டுப் போனாராம், ரெண்டு பேரும் ராத்திரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல.

முகமூடிக்கு வைக்கோல் அவரு நிலத்துலதான் வருதாம், ஒரு மூலையில கொஞ்சம் ஓட்ஸ் தனியா போட்டு கையால அறுப்பாராம், கம்பைன் அறுவடை மெஷின்ல அறுத்தா ஒடிஞ்சு நைஞ்சுடும், பின்ன வராது. ஆகஸ்ட் கடைசியில அறுக்கும்போது என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. அவரு சரின்னா ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வந்து இங்க போடறேன், முகம் இல்லாம.